கோடிங் தெரியாத முதலாளி, ஃப்ரீலான்ஸ் டெவலப்பரை எப்படி இன்டர்வியூ செய்வது?

கேள்வி: ஈரோட்டில் ரெடிமேட் மொத்த வியாபாரம் செய்கிறேன். நைட்டி, லெக்கின்ஸ், குழந்தைகள் ஆடை. சுமார் 180 சில்லறைக் கடைகள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகின்றன. இதை ஒரு மொபைல் ஆப்புக்குக் கொண்டுவரலாம் என்று, தெரிந்தவர் சொன்ன ஒரு ஃப்ரீலான்சரிடம் போன வருடம் 80,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். நான்கு மாதம் ஸ்கிரீன்ஷாட்டாக வந்தது. அதன்பிறகு ஆள் போனை எடுப்பதே இல்லை. இப்போது மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் 20 நாளில் 1.2 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். இரண்டாமவர் மூன்று மாதம், 3.8 லட்சம் என்கிறார். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைகிறார். மூன்றாமவர் பெங்களூரில் ஐடி கம்பெனி வேலையில் இருந்துகொண்டே இரவில் செய்து தருவாராம், 2.2 லட்சம். எனக்குக் கோடிங் சுத்தமாகத் தெரியாது. எதைப் பார்த்து உஷாராக வேண்டும்?

பதில்: கோடிங் தெரியாது என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இன்டர்வியூவுக்கு அது தேவையே இல்லை. உங்களுக்கு உங்கள் வியாபாரம் தெரியும். வந்திருப்பவருக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள அவர் என்ன பாடுபடுகிறார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பாதியில் கைவிட்டுப் போகும் ஆட்களில் பலர் முதல் அரை மணி நேரத்திலேயே இதில் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அதனால், இரண்டாமவர் குடைகிறார் என்று நீங்கள் சலித்துக்கொண்டதை மறுபடி யோசியுங்கள். மொத்த ஆர்டர் ஆப் கட்டப்போகிறவர் கேட்டே தீர வேண்டிய விஷயங்கள் ஏராளம். நைட்டியை செட்டாக விற்கிறீர்களா, லூஸாகவும் கொடுப்பீர்களா? ஒரு செட்டில் எம், எல், எக்ஸ்எல் எத்தனை எத்தனை? எல்லாக் கடைக்கும் ஒரே ரேட்டா, பழைய வாடிக்கையாளருக்குத் தனி ரேட்டா? பாக்கி வைத்திருக்கும் கடை மறுபடி ஆர்டர் போட்டால் ஆப் ஏற்கலாமா? ஸ்டாக் கணக்கு இப்போது டேலியில் இருக்கிறதா, நோட்டில் இருக்கிறதா? குடோனில் சிக்னல் வருமா? ரிட்டர்ன் வந்த சரக்கு எங்கே ஏறும்? நாற்பது நிமிடப் பேச்சில் இவற்றில் ஐந்து கேள்விகளாவது அவர் வாயிலிருந்து வரவில்லை என்றால், அவர் விலை சொல்வது உங்கள் ஆப்புக்கு அல்ல, அவர் மனதில் இருக்கும் வேறு ஏதோ ஒரு ஆப்புக்கு. "அதெல்லாம் பண்ணிடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்ற பதில் மூன்று முறைக்கு மேல் வந்தால் அங்கேயே எச்சரிக்கையாகுங்கள்.

20 நாள் என்பதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் லாகின், சைஸ்-கலர் வாரியாகச் சரக்குப் பட்டியல், கடைக்குக் கடை மாறும் ரேட், ஆர்டர் போடுவது, குடோனுக்குத் தகவல் போவது, ஸ்டாக் குறைவது, பில், உங்களுக்கான நிர்வாகப் பக்கம். மொத்தம் எட்டுப் பகுதிகள். சோதனையோடு சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் என்று குறைத்து வைத்தாலே நாற்பது வேலைநாள். அதைப் பாதி நாளில் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் கடைச்சரக்காகக் கிடைக்கும் ஈ-காமர்ஸ் டெம்ப்ளேட்டை வாங்கி, லோகோவை மாற்றித் தரப்போகிறார். டெம்ப்ளேட் வாங்குவது தப்பில்லை. சொல்லாமல் செய்வதுதான் தப்பு. "புதுசா எழுதறீங்களா, ரெடிமேட் டெம்ப்ளேட்டா?" என்று நேராகவே கேளுங்கள். டெம்ப்ளேட் என்றால், "செட் ரேட்டும் கடைவாரி பாக்கியும் அதில் ஏற்கெனவே இருக்கா, இப்போ காட்டுங்க" என்று கேளுங்கள். சில்லறை விற்பனைக்காகச் செய்த டெம்ப்ளேட்டுகள் இடறி விழுவது சரியாக இந்த இரண்டு இடத்தில்தான்.

இனி, உங்கள் கல்லாப்பெட்டியிலிருந்தே எடுத்த மூன்று கேள்விகள். இவற்றை மூன்று பேரிடமும் ஒரே வார்த்தைகளில் கேளுங்கள்.

முதல் கேள்வி: "மெரூன் எக்ஸ்எல் ஒரே ஒரு செட்தான் இருக்கு. கோபியிலிருந்து ஒரு கடை, பவானியிலிருந்து ஒரு கடை, ரெண்டும் ஒரே நேரத்துல ஆர்டர் அழுத்துது. என்ன நடக்கும்?" விஷயம் தெரிந்தவர் சற்று நிறுத்தி, ஸ்டாக்கைப் பார்ப்பதும் குறைப்பதும் சர்வரில் (எல்லா ஆர்டரும் வந்து சேரும் மையக் கணினியில்) பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும், முதலில் போய்ச் சேர்ந்தவருக்குச் சரக்கு, மற்றவருக்கு 'இருப்பு இல்லை' என்று காட்ட வேண்டும் என்பார். 'டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன்', 'லாக்' போன்ற சொற்கள் வரலாம். சொல் முக்கியமில்லை. ஒருவருக்கு மட்டும்தான் போகும் என்பதை எப்படி உறுதி செய்வார் என்று உங்களுக்குப் புரியும்படி சொல்கிறாரா என்று பாருங்கள். இன்னும் நல்லவர், "ஆர்டர் போட்டதும் ஸ்டாக்கைப் பிடிச்சு வைக்கணுமா, நீங்க ஓகே சொன்ன பிறகா?" என்று திருப்பிக் கேட்பார். "அப்படியெல்லாம் ஒரே நேரத்துல வராது சார்" என்பவரை விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் உங்கள் போனில் மெசேஜ் விழும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது: "2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறுச்சு. அந்த மாதிரி இன்னொரு தடவை மாறினா, ஆப்ல என்ன பண்ணணும்?" அன்றைக்கு உங்கள் தொழிலில் என்ன ஆனது என்பதை வைத்தே இதைச் சோதிக்கலாம். பீஸ் 1,000 ரூபாய்க்கு மேல் போன ஆடைக்கு 12 சதவீதமாக இருந்தது, 2,500 ரூபாய் வரை 5 சதவீதமானது. அதற்கு மேல் 18 சதவீதம். அதாவது 1,800 ரூபாய் உடைக்கு முதல் நாள் 12, மறுநாள் 5. சரியாகக் கட்டிய மென்பொருளில் வரி விகிதம் கோடுக்குள் எழுதப்பட்டிருக்காது. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனிப் பட்டியலாக இருக்கும், நீங்களே மாற்றலாம். அதைவிட முக்கியம், பழைய பில்லை ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அன்றைய 12 சதவீதமே தெரிய வேண்டும். தப்பாகக் கட்டியதில் புது விகிதத்தை மாற்றிய உடனே பழைய பில்லெல்லாம் மாறிவிடும். ஆடிட்டர் முன்னால் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும். "பழைய பில் என்ன ஆகும்?" என்பதை நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னால், அவருக்கு நல்ல மதிப்பெண் போடுங்கள்.

மூன்றாவது: "கடைக்காரர் பணம் கட்டிட்டார், கட்டின உடனே அவர் போன் ஆஃப் ஆயிடுச்சு. எனக்கு ஆர்டர் வருமா?" பணம் வந்த செய்தியைக் கடைக்காரரின் போன் மட்டும் சொன்னால் போதும் என்று கட்டியிருந்தால், பணம் போயிருக்கும், ஆர்டர் இருக்காது. ரேசர்பே போன்ற பேமென்ட் நிறுவனங்கள் உங்கள் சர்வருக்கே நேரடியாகத் தகவல் அனுப்பும். வெப்ஹூக் என்று இதற்குப் பெயர். அது உண்மையாகவே அவர்களிடமிருந்து வந்ததா என்று அதனோடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரே தகவல் இரண்டு முறை வந்தாலும் ஆர்டர் ஒன்றாகவே பதிவாக வேண்டும். இந்த மூன்றையும் சொல்பவர் இதற்கு முன் பணம் வாங்கும் ஆப் ஒன்றை உண்மையில் கட்டியிருக்கிறார். கூடவே ஒரு சின்னக் கேள்வி: "500 ரூபாயை ரேசர்பேக்கு என்ன எண்ணா அனுப்புவீங்க?" 50000 என்று உடனே வர வேண்டும். அங்கே தொகை பைசாவில்தான் போகும். ஒருமுறையாவது கையால் செய்தவருக்கு இது மறக்காது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "இது எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்பது எச்சரிக்கை மணி அல்ல. மறுநாள் காலை பதிலோடு வந்தால் அது நல்ல அறிகுறியும்கூட. ஆங்கிலம் தடுமாறுவது, இன்டர்வியூவில் பதற்றப்படுவது, விலை கூடச் சொல்வது, இவையும் குறைகள் அல்ல. தெரியாததைச் சொற்களால் மூடுவதுதான் குறை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிளவுட், ஏஐ, பிளாக்செயின் என்று அடுக்கினால், "எங்க குடோன் பையனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று நிறுத்துங்கள். தெரிந்தவரால் முடியும்.

அடுத்து, பழைய வேலை. ஸ்கிரீன்ஷாட், வீடியோ, பிடிஎஃப் எதையும் சான்றாக எடுக்காதீர்கள். படம் வரையும் மென்பொருளில் அழகான பத்துத் திரைகளை இரண்டு நாளில் செய்துவிடலாம். போன முறை உங்களுக்கு நான்கு மாதம் வந்ததும் அதுவாகவே இருக்கலாம். பிளே ஸ்டோர் லிங்க் கேளுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் போனில் இறக்குங்கள். கடைசியாக அப்டேட் ஆன தேதி, குறைசொன்ன ரிவ்யூவுக்குப் பதில் போட்டிருக்கிறார்களா, டெவலப்பர் பெயர் யாருடையது என்று பாருங்கள். ஒன்றிரண்டு வேலைக்கு ரகசிய ஒப்பந்தம் என்று சொல்வது நியாயம். செய்த எதையுமே காட்ட முடியாது என்றால் நியாயமில்லை.

பிறகு ஸ்கிரீன் ஷேர் கேளுங்கள். காட்டுவதில் தடையில்லாத அவருடைய பழைய ஆப் ஒன்றின் கோடைத் திறக்கச் சொல்லி, "இந்த பட்டன்ல இருக்கற எழுத்தை மாத்தி ஓட்டிக் காட்டுங்க" என்று ஒரு சின்ன வேலை கொடுங்கள். அடுத்து, "ஆர்டர் எந்த இடத்துல சேமிக்குதுன்னு காட்டுங்க." அவரே எழுதியதென்றால் நேராக அந்த ஃபைலுக்குப் போவார். எழுதாதவர் ஃபோல்டர் ஃபோல்டராக அலைவார், இல்லை "இந்த லேப்டாப்ல ஓடாது சார்" என்பார். திரையில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. ஒருவர் தன் வீட்டில் நடமாடுகிறாரா, அடுத்தவர் வீட்டில் சுவிட்ச் தேடுகிறாரா என்பது யாருக்கும் தெரியும். கோட் எழுத இப்போது பலரும் ஏஐ கருவியைப் பயன்படுத்துகிறார்கள், அது தவறில்லை. எழுதியதை விளக்க முடியாமல் போவதுதான் தவறு.

கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில், எந்தெந்த நாள் வேலை நடந்தது என்று காட்டும் பச்சைக் கட்டங்கள் அவர் கணக்கில் நிறைந்திருந்தால் மயங்க வேண்டாம். தேதியை விரும்பியபடி போட்டு அதை நிரப்ப முடியும். ஒரு முழு ஆப்பும் ஒரே நாளில், ஒரே பதிவாக ஏறியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மறுபக்கம், கிட்ஹப்பில் ஒன்றுமே இல்லை என்பதால் ஒருவரைத் தள்ளவும் வேண்டாம். வாடிக்கையாளர் கோட் வெளியே தெரியாமல் இருப்பதே முறை. அனுபவ ஆண்டுகளைச் சரிபார்ப்பது எளிது. பிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டும் மொபைல் ஆப் கட்ட உதவும் கருவிகள். பிளட்டரின் முதல் முழுப் பதிப்பு வந்தது 2018 டிசம்பரில். ரியாக்ட் நேட்டிவ் பொதுவுக்கு வந்தது 2015-ல். "பிளட்டர்ல பன்னிரண்டு வருஷம்" என்று ரெஸ்யூமேயில் இருந்தால் மற்ற வரிகளையும் அதே கண்ணோடு படியுங்கள்.

வீடியோ காலில் கேமரா போட மறுப்பது, ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு எதையோ பார்த்து வாசிப்பது, முதல் காலில் பேசிய குரலும் இரண்டாவது காலில் வந்த குரலும் வேறாக இருப்பது, இவை பேசுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர் என்பதற்கான அடையாளங்கள். "நாங்க ஒரு டீம்" என்றால், கோட் எழுதப்போகும் அந்த நபரோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தயங்கினால், வேலையை அவர் குறைந்த விலைக்கு வெளியே கொடுக்கப்போகிறார். நாளைக்குப் பழுது வந்தால் எழுதியவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது.

பழைய வாடிக்கையாளர் இருவரின் எண் வாங்குங்கள். ஒருவராவது வேலை முடிந்து ஒரு வருடம் ஆனவராக இருக்கட்டும். "நல்ல பையனா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பழுது சொன்னால் எத்தனை நாளில் சரியாகும், சர்வர் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறதா, சொன்ன தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது என்று கேளுங்கள்.

பணமும் உரிமையும் பேசும்போதுதான் மிகக் கடுமையான அறிகுறிகள் தெரியும். "டொமைன், சர்வர், பிளே ஸ்டோர் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கவலையே படாதீங்க" என்பது உதவி போலக் கேட்கும். (டொமைன் என்பது உங்கள் இணைய முகவரி.) அவர் கணக்கில் எல்லாம் இருந்தால், சண்டை வரும் நாளில் உங்கள் வியாபாரம் அவர் பிடியில். பிளே ஸ்டோரில் ஆப் வெளியிடத் தேவையான பிளே கன்சோல் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். இரண்டையும் டொமைன், சர்வர் கணக்குகளையும் உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில், உங்கள் கார்டில் தொடங்கி, அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். இதற்கு மறுப்பவரோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

அந்த 20 நாள்காரரிடம் இதையும் கேளுங்கள்: "பிளே ஸ்டோர்ல புதுக் கணக்கு ஆரம்பிச்சா, உடனே ஆப்பை வெளியிடலாமா?" 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை இல்லை, ஆனால் நிறுவனங்களை அடையாளம் காட்டும் டி-யு-என்-எஸ் எண் வேண்டும். அது கைக்கு வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். அண்மையில் ஒரு ஆப்பை வெளியிட்டவர் இதைக் கேட்காமலே சொல்வார்.

சோர்ஸ் கோட், அதாவது டெவலப்பர் எழுதும் மூல நிரல், யாருடையது என்பதில் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பணம் கொடுத்தால் நம்முடையது என்பது சட்டம் அல்ல. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருளும் இலக்கியப் படைப்பு வகையில் வருகிறது. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. ஆகவே எழுதியவரே முதல் உரிமையாளர். எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். 19-வது பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். எனவே எந்த ஆப், என்ன உரிமைகள், எவ்வளவு தொகைக்கு, முழுக் காலத்துக்கும் உலகம் முழுக்கவும் என்று எழுதி வாங்குங்கள். இன்டர்வியூவிலேயே, "கோட் முழுசையும் என் பேருக்கு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். "முழுப் பணம் வந்த பிறகு தர்றேன்" என்பது நியாயமான பதில். "கோட் தர்றதில்ல சார், ஆப் மட்டும்தான்" என்றால் அது வேறு வியாபாரம். அதற்கு இந்த விலை கொடுக்கக் கூடாது.

ஜிஎஸ்டி எண் இல்லை என்பது குறையல்ல. சேவையில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எண் இல்லாமலே பில்லில் 18 சதவீதம் போடுகிறவர்தான் சிக்கல். எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 இலக்கத்தில் தமிழ்நாட்டுப் பதிவு 33-ல் தொடங்கும், அடுத்த பத்தும் அவருடைய பான் எண்.

மூன்றாமவர் விஷயத்தில் திறமையைப் பற்றி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை, அதனால் அதைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது. பல ஐடி கம்பெனிகளின் வேலை ஒப்பந்தத்தில், வெளிவேலை செய்யக்கூடாது என்றும், வேலையில் இருக்கும்போது எழுதும் மென்பொருள் கம்பெனிக்கே சொந்தம் என்றும் இருக்கும். அவருடைய ஒப்பந்தம் என்ன சொல்கிறது, எழுத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடுத்து, பகல் பதினொரு மணிக்கு பில் போகவில்லை, லாரி நிற்கிறது. அவர் மீட்டிங்கில் இருப்பார். அப்போது யாரைக் கூப்பிடுவது? இதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால் 2.2 லட்சம் என்பது குறைந்த விலை ஆகாது.

மூன்று பேரில் முதலாமவர் மேலே சொன்ன கேள்விகளில் தேறினாலொழிய விட்டுவிடுங்கள். மற்ற இருவருக்கும் ஒரே ட்ரையல் வேலை கொடுங்கள், கூலியோடு: மூன்று நாள், 8,000 ரூபாய். ஒரு நைட்டி, நான்கு சைஸ், மூன்று கலர். கடைக்காரர் போனில் ஆர்டர் போட்டால் குடோன் போனில் தெரிய வேண்டும். அவ்வளவுதான். சும்மா செய்து காட்டச் சொல்லாதீர்கள். நல்ல வேலைக்காரர் முதலில் அங்கேதான் கழன்றுகொள்வார். சொன்ன நாளில் தந்தாரா, தாமதம் என்றால் முன்கூட்டியே சொன்னாரா, ஸ்டாக்குக்கு மேல் எண்ணிக்கை போட்டால் ஆப் தடுக்கிறதா, கோட் உங்கள் கிட்ஹப் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். டிசைன் அழகைப் பற்றி இந்த மூன்று நாளில் கவலைப்படாதீர்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு பணத்தைப் பிரிப்பது இப்படி: 3.8 லட்சம் என்றால் அட்வான்ஸ் 15 சதவீதம், 57,000. பிறகு மூன்று கட்டங்களுக்குத் தலா 95,000. கடைசி 38,000, ஆப் ஓடத் தொடங்கி முப்பது நாள் கழித்து. ஒவ்வொரு கட்டமும் உங்கள் போனில் ஓடிக் காட்ட வேண்டும், அதுவரையிலான கோட் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். படத்துக்குப் பணம் கிடையாது. பாதித் தொகை முன்பணமாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவரிடம் காரணம் கேளுங்கள். வாடிக்கையாளர் ஏமாற்றிய அனுபவம் அவருக்கும் இருக்கலாம். அப்படியானால் கட்டங்களை இன்னும் சிறிதாக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையானவர் இதை ஏற்பார், இருவருக்கும் ஆபத்து குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இன்றைக்கே ஒரு வேலை. காணாமல் போனவரிடம் உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு, டேலி பேக்கப், 180 கடைகளின் போன் பட்டியல் இவற்றில் எதைக் கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து, உங்களுடையது அல்லாத எந்தக் கணினி இருந்தாலும் நீக்கிவிடுங்கள். உங்கள் கடைப் பெயரில் அவர் டொமைன் ஏதாவது பதிவு செய்திருந்தால், அந்த ரசீது உங்கள் மெயிலில் இருக்கிறதா என்று தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவருக்கு முதல் நாளே அது தேவைப்படும்.